நம்ம சபை, எங்க சபை

கட்டிய கணவரே வலது கதவு வழியாக உள்ளே போன ஞாயிற்றுக்கிழமைதான், தனக்கு வந்திருப்பது எரிச்சல் இல்லை, பொறாமை என்று வாசலக்கா ஒப்புக்கொண்டாள். அதையும் மனத்துக்குள்தான் ஒப்புக்கொண்டாள். யாராவது "ஏன்க்கா முகம் இப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தால் முழங்கால் வலி என்று சொல்லியிருப்பாள். கேட்டவர்களுக்கு அப்படித்தான் சொல்லியும் வந்தாள்.

சபை கூடும் இடம் ஒரு காலத்தில் மரச்சாமான் கடையாக இருந்தது. பீரோவும் கட்டிலும் போய்வர வைத்த அகலமான இரட்டைக் கதவு நேராகத் தெருவில் திறக்கும். அதில் இடது கதவை மட்டும் திறந்து வைப்பதுதான் வழக்கம். வலது கதவின் தாழ்ப்பாள் துருவேறி இறுகிப் போயிருந்தது. அதைத் திறக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. திறந்த கதவின் பக்கத்தில் பத்தொன்பது வருடமாக நிற்பவள் என்பதால் அவளுக்கு வாசலக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொன்னால் சபையில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அது சும்மா நிற்கிற வேலை இல்லை. "ஸ்தோத்திரம், வாங்க" என்று கை குலுக்கி, பாட்டுப் புத்தகம் கொடுத்து, புதியவர் வந்தால் ஓர் அட்டையும் பேனாவும் நீட்டி, நிரப்பிய அட்டையைப் பாஸ்டர் கையில் சேர்ப்பது வரை அவள் பொறுப்பு. யார் வீட்டில் சண்டை, யார் மகள் தேர்வில் கோட்டை விட்டாள், யாருக்கு வேலை போயிற்று, எல்லாம் கதவருகிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். வார நாட்களில் ஒரு டிரை கிளீனிங் கடையில் கவுண்டரில் நிற்கிறாள். கணவர் அதே கடையில் உள்ளே நீராவி இஸ்திரி போடுகிறார். துணியை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துக் கறை பார்த்து, பைகளைத் தடவி, எண் சீட்டைக் குத்தி வைப்பது அவள் வேலை. அந்தப் பழக்கத்தில் ஞாயிற்றுக்கிழமையும் ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலரைப் பார்த்துவிடுவாள். கண் பழகிவிட்டது, வேறு ஒன்றும் இல்லை என்பாள். நாமும் இப்போதைக்கு அதை நம்பி வைப்போம்.

அந்த வாசலில் மீன்காரி வந்து சேர்ந்தது ஒரு மழை நாளில்.

அன்று வாசலக்கா எதிர்பார்த்து நின்றது பல் டாக்டர் குடும்பத்தை. டாக்டர் கடைக்குக் கோட்டு கொடுக்க வரும்போதெல்லாம், ஆறு வாரமாக, அவரிடம் சபையைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்திருந்தது. மழையில் அவருடைய காரைப் போலவே ஒரு கார் வாசலுக்கு நேரே வந்து நின்றது. வாசலக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. குடையை விரித்துக்கொண்டு ஓரடி வெளியே வந்து, "வாங்க, வாங்க! நம்ம சபைதான், உள்ள வாங்க!" என்று வாயெல்லாம் பல்லாகக் கூப்பிட்டாள்.

காருக்கும் அவளுக்கும் நடுவில், நடைபாதையில், தலையில் பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். அவள் நின்றாள். வாசலக்காவைப் பார்த்தாள். "என்னையாக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், ரப்பர் பூட்சைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு குடைக்கு அடியில் புகுந்து உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே மீன் வாடை போயிற்று. கார் திரும்புவதற்குத்தான் நின்றிருக்கிறது. திரும்பிப் போயே போய்விட்டது. அதில் இருந்தது டாக்டர்கூட இல்லை.

மழைக்கு ஒதுங்கியவள், மழை விட்டதும் போய்விடுவாள் என்று வாசலக்கா நினைத்தாள். புதியவர் அட்டையைக்கூட நீட்டவில்லை. ஆனால் மீன்காரி அடுத்த வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். சந்தையில் மீன் வெட்டிச் சுத்தம் செய்து கொடுக்கிறவள். என்னதான் தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் ஒரு செதில் இருக்கும். தெருமுனையில் நின்று கூப்பிடுகிற குரல். பாட்டுப் பாடினால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தங்கள் குரல் கேட்காது. இத்தனை இருந்தும், அவளைக் கண்டால் சபையில் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிடும். குழந்தைகள் "மீன் அத்தை" என்று ஓடிப் போய் இடுப்பைக் கட்டிக்கொள்ளும். பத்தொன்பது வருடம் பாட்டுப் புத்தகம் வாங்கியும் வாசலக்காவைப் பார்த்து ஒருமுறைகூடச் சிரிக்காத பின் வரிசைப் பெரியவர், மீன்காரி என்னவோ சொன்னதற்குக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பிறகு ஒரு ஞாயிறு அவள் எழுந்து நின்று, கடவுள் தன் வாழ்வை மாற்றிய கதையைச் சாட்சியாகச் சொன்னாள். சந்தையில் பக்கத்துக் கடைக்காரனை எடைக்கல்லால் மண்டையில் அடித்து எட்டு மாதம் சிறையில் இருந்தது, வெளியே வந்தபோது வீடு பூட்டியிருந்தது, கட்டியவன் சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தது, எல்லாவற்றையும் மீனுக்கு விலை சொல்கிற தொனியில் சொன்னாள். கூட்டம் தேம்பித் தேம்பி அழுதது. பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வாசலக்காவும் துடைத்துக்கொண்டாள், மற்றவர்கள் பார்க்கிறார்களே என்று. உள்ளே அவளுக்கு வேறு கணக்கு ஓடியது. இவளுக்கு ஒரு சிறை, ஓர் எடைக்கல். நமக்கு என்ன இருக்கிறது? கிறிஸ்தவ வீட்டில் பிறந்து, ஞாயிறு தவறாமல் வந்து, பொய்கூட அளவாகச் சொல்லி வாழ்ந்தாகிவிட்டது. எழுந்து நின்று சாட்சி சொல் என்றால் எதைச் சொல்வது? ஒழுங்காக இருந்தவளுக்கு அழ ஆள் இல்லை. இதற்காகப் போய் ஒருவன் மண்டையை உடைத்துவிட்டா வர முடியும்?

ஒரு புதன்கிழமை மாலை ஜெபக் கூட்டத்தில் மீன்காரி முதல்முறையாக வாய்விட்டு ஜெபித்தாள். "நம்ம அப்பா, நம்மளை எல்லாம் பாத்துக்கோ" என்று ஆரம்பித்தாள். வாசலக்காவுக்கு மூக்கு வேர்த்தது. முடியட்டும் என்று காத்திருந்து, ஆமென் சொன்ன கையோடு பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி, கடவுள்கிட்ட பேசும்போது 'எங்க அப்பா'ன்னுதான் சொல்லணும். 'நம்ம'ன்னு சொன்னா கேக்குறவரும் அதுல சேர்ந்துடுவாரு. அப்போ அவருக்கு அவரே அப்பாவா?"

இலக்கணம் சரிதான். நாலு பேர் தலையாட்டினார்கள். மீன்காரி கொஞ்சம் யோசித்தாள்.

"சேர்ந்துட்டுப் போகட்டுமேக்கா. பாவம், அவரு ஒருத்தரை மட்டும் எதுக்குத் தள்ளி வெக்கணும்?"

கூடம் குலுங்கச் சிரித்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் அதையே எடுத்துப் பிரசங்கம் செய்துவிட்டார். கடவுள் மனிதனாக வந்ததே அந்த 'நம்ம'வுக்குள் சேர்ந்துகொள்ளத்தான், யாரையும் 'எங்க' என்று சொல்லி வெளியே நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை, இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது நம் சகோதரிதான் என்றார். எல்லோரும் திரும்பி மீன்காரியைப் பார்த்தார்கள். வாசலக்கா தன் மடியைப் பார்த்துக்கொண்டாள். பத்தொன்பது வருடத்தில் அவள் வாயிலிருந்து எத்தனையோ நல்ல வார்த்தை வந்திருக்கிறது. ஒன்றுகூடப் பிரசங்க மேடை ஏறியதில்லை.

முகம் அன்று அப்படிச் சுண்டிப் போயிருந்தது. ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் அருகில் வந்தார். அவளைவிட வயதில் சின்னவர், எதற்கும் சட்டென்று மனம் இளகிவிடுகிற சுபாவம்.

"அக்கா, கொஞ்ச நாளாவே முழங்கால் வலின்னு சொல்றீங்களே. நானும் கவனிக்காம இருந்துட்டேன். ஒண்டியா நிக்க வேண்டாம். அந்த வலது கதவையும் திறந்துடுவோம். அந்தப் பக்கம் நம்ம மீனம்மா நிக்கட்டும்."

சொன்ன பொய்க்குக் கிடைத்த பலன் இது. இல்லை, வலி இல்லை என்று சொல்ல முடியுமா? "நல்லது பாஸ்டர்" என்றாள். மறுநாளே அவள் கணவர் சுத்தியலும் எண்ணெய்க் குப்பியுமாக வந்து துருவேறிய தாழ்ப்பாளைத் தட்டித் தட்டித் திறந்து வைத்தார். அவருக்கு அதில் என்ன அவ்வளவு உற்சாகமோ, விசிலடித்துக்கொண்டே தட்டினார்.

இரண்டு கதவும் திறந்ததில் கூடத்துக்குள் வெளிச்சம் நன்றாக வந்தது, அது உண்மை. ஆனால் ஆட்கள் மெல்ல மெல்ல வலப்பக்கம் சாய்ந்தார்கள். முதலில் குழந்தைகள், பிறகு குழந்தைகளின் அம்மாக்கள், பிறகு பின் வரிசைப் பெரியவர். வாசலக்கா கையில் பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று எண்ணத் தொடங்கினாள். எண்ணக் கூடாது என்று தெரிந்தும் எண்ணினாள். முதல் வாரம் பாதிக்குப் பாதி. நான்காவது வாரம் இடது பக்கம் பதினொரு பேர். ஐந்தாவது வாரம், வண்டியை நிறுத்திவிட்டு வந்த கணவர், அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, வலப்பக்கம் போய், "ஸ்தோத்திரம் அண்ணே!" என்ற குரலுக்குப் பதில் சொல்லி உள்ளே போனார்.

"தாழ்ப்பாள் நல்லா இருக்கான்னு பாக்கப் போனேன்" என்றார் பிறகு கேட்டபோது.

அதே ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, மீன்காரி ஓர் அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். புதியவர்களுக்கான அட்டை. அதில், 'ஞானஸ்நானம் பெற விரும்புகிறேன்' என்ற வரிக்குப் பக்கத்துக் கட்டத்தில் பேனா அழுந்தித் தாளே கிழிந்துபோகும் அளவுக்கு ஒரு டிக்.

"எனக்கு மொத நாள் இது கிடைக்கலக்கா. அதான் இப்போ நானே எடுத்து எழுதிட்டேன். ரெண்டு நாளாச்சு எழுத. பாஸ்டர்கிட்ட குடுத்துடுறீங்களா?"

"எங்க சபையில அதுக்கு வகுப்பெல்லாம் இருக்கு. உடனே கிடைச்சுடாது" என்றாள் வாசலக்கா.

"எத்தனை நாள் ஆனாலும் சரிக்கா."

அட்டை கைப்பைக்குள் போயிற்று. அடுத்த வாரம் கொடுக்கலாம் என்று வாசலக்கா நினைத்தாள். அடுத்த வாரம் பாஸ்டருக்குச் சளி. அதற்கடுத்த வாரம், இன்னும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டுக் கொடுப்பதுதானே பொறுப்பு என்று தோன்றியது. கைப்பையைத் திறக்கும்போதெல்லாம் அட்டையின் மூலை கையில் குத்தியது. ஒரு திங்கட்கிழமை அதை எடுத்துக் கடையில் கவுண்டருக்கு அடியில் இருக்கும் இழுப்பறைக்குள் போட்டாள்.

அந்த இழுப்பறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். துணிகளின் பையில் கிடைப்பதெல்லாம் அதற்குள்தான் போகும். சாவி, மாத்திரை, பேருந்துச் சீட்டு, காதல் கடிதம். எதுவானாலும் ஓர் உறைக்குள் போட்டு, மேலே எண் எழுதி, துணியோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். பதினெட்டு வருடத்தில் ஒரு பொத்தான் தவறியதில்லை. முதலாளி புதிதாக வருகிறவர்களுக்கு அவளைக் காட்டித்தான் நேர்மையைச் சொல்லிக் கொடுப்பார்.

இரண்டு மாதம் கழித்து, ஞானஸ்நான வகுப்புக்குப் பாஸ்டர் ஐந்து பேரின் பெயரை வாசித்தார். வலது கதவருகே நின்ற மீன்காரி, ஒவ்வொரு பெயருக்கும் லேசாகத் தலையை உயர்த்தி உயர்த்திப் பார்த்தாள். ஐந்தாவது பெயருக்குப் பிறகு பாஸ்டர் தாளை மடித்தார்.  அவள் குனிந்து, சிதறிக் கிடந்த பாட்டுப் புத்தகங்களை அடுக்கினாள். அடுக்கி முடித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாள். அடுத்த ஞாயிறு வரவில்லை.

வாசலக்காவுக்கு அந்த நிமிடம் எப்படி இருந்தது என்றால், உண்மையைச் சொல்வதானால், அப்பாடா என்று இருந்தது. வலது கதவுக்கு ஆள் இல்லை; எல்லோரும் மறுபடி இவள் பக்கம்தான் வந்தாக வேண்டும். வந்தார்கள். வந்த ஒவ்வொருவரும் அவள் கையைக் குலுக்கிக்கொண்டே, "மீனம்மா எங்க?" என்று கேட்டார்கள். முதல் ஞாயிறு முப்பது பேர் கேட்டார்கள். இரண்டாவது ஞாயிறு ஒரு சின்னப் பெண் கேட்டு அழுதாள். போன வருடம் வாசலக்கா காய்ச்சலில் இரண்டு வாரம் வராதபோது யார் கேட்டார்கள்? ஒருவரும் இல்லை, பாட்டுப் புத்தகத்தை ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்களாம். இருந்தாலும் பொறாமை, இல்லாவிட்டாலும் பொறாமை என்றால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்?

மூன்றாவது ஞாயிறு பாஸ்டரும் கேட்டார்.

"அவங்க ஞானஸ்நானம் கேப்பாங்கன்னு ரொம்ப எதிர்பார்த்தேன்க்கா. நானா கேட்டா, பாஸ்டர் சொல்லிட்டாரேன்னு சரின்னுடுவாங்க. அவங்களா வரட்டும்னு இருந்தேன். நான் செஞ்சது தப்போ?"

 "எனக்குத் தெரியல பாஸ்டர்" என்றாள் வாசலக்கா. அளவாகச் சொல்லும் பொய்களில் இது அளவு மீறியது என்று அவளுக்கே தெரிந்தது.

மறுநாள் கடையில் ஒரு கோட்டின் பையில் ஒற்றைக் கம்மல் கிடைத்தது. வாசலக்கா வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்ததால், கணவரே உறை தேடி இழுப்பறையைத் திறந்தார். உறைக்கு அடியில் அட்டை இருந்தது. வாடிக்கையாளர் போகும்வரை அவர் காத்திருந்தார். முன்பக்கத்தைப் பார்த்தார், பின்பக்கம் திருப்பினார், கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"'எங்கள் சபையை உங்களுக்கு அறிமுகப்படுத்தியவர் யார்?'"

அச்சடித்த வரி அது. அதற்குக் கீழே இருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தார். "'வாசல்ல நிக்கிற அக்கா.'"

வாசலக்கா அட்டையின் பின்பக்கத்தை அதுவரை பார்த்திருக்கவில்லை. டிக்கைப் பார்த்ததோடு சரி.

"நீ பதினெட்டு வருஷத்துல அடுத்தவங்க பையில இருந்து ஒரு பொத்தானைக்கூட எடுத்து வெச்சுக்கிட்டதில்ல" என்றார் அவர். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு வலது கதவைப் பற்றி நாலு கேட்டிருக்கலாம். அட்டையைக் கவுண்டர்மேல் வைத்துவிட்டு உள்ளே போனார். நீராவி சீறும் சத்தம் கேட்டது.

மதிய இடைவேளையில் வாசலக்கா சந்தைக்குப் போனாள். தரையெல்லாம் ஈரம், சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மீன்காரி கடைசிக் கடையில், பிளாஸ்டிக் ஏப்ரனோடு, ஒரு பெரிய மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஏறிட்டுப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"வாங்கக்கா. தள்ளி நில்லுங்க, சேலையில தெறிக்கும்."

வாசலக்கா தள்ளி நிற்கவில்லை. வரும் வழியெல்லாம் பக்குவமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வாயில் வரவில்லை. அட்டையை எடுத்துக் காட்டினாள்.

"இது பாஸ்டர்கிட்ட போகவே இல்ல. நான்தான் வெச்சுக்கிட்டேன்."

மீன்காரி அட்டையைப் பார்த்தாள். ஈரக்கையை ஏப்ரனில் துடைத்தாள், ஆனால் வாங்கிக்கொள்ளவில்லை.

"ஏன்க்கா?"

"பொறாமை."

"என்மேலயா? என்கிட்ட என்னக்கா இருக்கு?"

"எல்லாரும் உன்னைப் பாத்து சிரிக்கிறாங்க. குழந்தைங்க ஓடி வருது. என் வீட்டுக்காரரே உன் பக்கமா உள்ள போறாரு. நான் பத்தொன்பது வருஷமா நிக்கிறேன். நீ நேத்து வந்தவ."

சொல்லி முடித்ததும் அவளுக்கே வெட்கமாக இருந்தது. பக்கத்துக் கடைக்காரன் தலையைத் திருப்பிப் பார்த்தான். இவன் மண்டையைத்தான் உடைத்தாளோ என்று அந்த நேரத்திலும் ஓர் எண்ணம் வந்து போயிற்று.

மீன்காரி சிரிக்கவில்லை. "நான் என்ன நெனச்சேன் தெரியுமாக்கா? மேலேருந்தே வேணாம்னு பதில் வந்துடுச்சுன்னு நெனச்சேன். எல்லா இடத்துலயும் எனக்கு அப்படித்தான். கூப்பிடலன்னா வேணாம்னு அர்த்தம். போய்க் கேட்டு அசிங்கப்பட மாட்டேன்."

அந்த 'மேலேருந்தே' என்ற வார்த்தை வாசலக்காவை அசைத்துவிட்டது. இழுப்பறையில் அவள் மறைத்து வைத்தது ஓர் அட்டையை என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள்.

"இன்னொண்ணும் சொல்லிடுறேன்" என்றாள். "அன்னிக்கு மழையில நான் உன்னைக் கூப்பிடல. உனக்குப் பின்னாடி நின்ன காரைக் கூப்பிட்டேன். இதுல நீ என் பேரை எழுதியிருக்கே. அது நான் இல்ல."

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"உள்ள வந்து உக்காந்து பத்து நிமிஷத்துல தெரிஞ்சுடுச்சு. நீங்க வாசல்ல நின்னு அந்தக் காரு போன பக்கமே பாத்துட்டு இருந்தீங்களே. எந்திரிச்சுப் போயிடலாம்னுதான் இருந்தேன். ஆனா 'நம்ம சபைதான், உள்ள வாங்க'ன்னு காதுல விழுந்தாச்சே. விழுந்ததை எங்க கொண்டுபோய்க் கொட்டுறது? வாய் உங்களுதுதான். கூப்பிட்டது நீங்க மட்டும்தான்னு யாரு சொன்னது?"

வாசலக்கா அட்டையைத் திருப்பி அந்த வரியைப் பார்த்தாள்.

"அப்புறம் நீங்க எனக்கு அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லக்கா. எல்லார்கிட்டயும் 'நம்ம சபை, நம்ம சபை'ம்பீங்க. என்கிட்ட மட்டும் 'எங்க சபையில அப்படி, எங்க சபையில இப்படி'. அந்தப் புதன்கிழமை நீங்கதானே ரெண்டுக்கும் வித்தியாசம் சொல்லிக் குடுத்தீங்க? அன்னிக்குத்தான் எனக்கே புரிஞ்சுது. கடவுளுக்காகத்தான் டிக் போட்டேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஞானஸ்நானத் தண்ணியில முழுகி எழுந்தா அக்கா வாயால அந்த வார்த்தை எனக்கும் வந்துடும்னு ஒரு நப்பாசை."

இப்படி ஒன்று நடந்ததே வாசலக்காவுக்குத் தெரியாது. நினைத்துப் பார்த்தாள். ஒரு தடவையாவது சொல்லியிருப்போம் என்று துழாவித் துழாவித் தேடினாள். சொல்லியிருக்கவில்லை. யோசித்துச் செய்ததில்லை, நாக்கு தானாகவே ஆளைப் பார்த்து, காலரைப் பார்த்து, பிரித்து வைத்திருக்கிறது.

"ஞாயித்துக்கிழமை வா" என்றாள்.

மீன்காரி கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டாள். செதிலை ஒரு சுரண்டு சுரண்டினாள். பிறகு நிமிர்ந்து பார்த்து, ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டாள்.

"எங்க?"

அந்தக் கேள்வியில் கண்ணி இருந்தது. எங்கே வர வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? வாசலக்காவுக்கு அந்தப் பத்தொன்பது வருடமும் நினைவுக்கு வந்தது. இப்போதுகூட, இந்த ஈரத்தில் நின்றுகொண்டுகூட, அந்த வார்த்தையைக் கொடுத்துவிட்டால் தனக்கு என்ன மிஞ்சும் என்று ஒரு மூலையில் எரிந்தது. எரிய எரியத்தான் சொன்னாள்.

"நம்ம சபைக்கு."

மீன்காரி தலையைக் குனிந்துகொண்டாள். செதில் சுரண்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்கவில்லை.

அட்டை அன்று மாலையே பாஸ்டர் கைக்குப் போயிற்று. நடந்ததையும் அவளே சொன்னாள். அவர் மீன்காரிக்கு மட்டும் தனியாக வகுப்பு எடுத்து, மற்ற ஐந்து பேரோடு சேர்த்துவிட்டார்.

ஞானஸ்நானத்தன்று வாசலக்கா பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனாள். மேடைக்குப் பின்னால், முழுகி எழுவதற்கான தொட்டி நிரம்பியிருந்தது. பாஸ்டர் ஒவ்வொருவர் அட்டையையும் வாசித்து, அழைத்து வந்தவரை எழுந்து நிற்கச் சொன்னார். மீன்காரியின் முறை வந்தது. வாசலக்கா எழுந்தாள். கூட்டம் கை தட்ட ஆரம்பித்தது.

"தட்டாதீங்க" என்றாள் வாசலக்கா. "நான் இவளைக் கூட்டிட்டு வரல. வேற யாரையோ கூப்பிட்டேன், இவ வந்தா. வந்தவ குடுத்த அட்டையைப் பொறாமையில ரெண்டு மாசத்துக்கு மேல ஒளிச்சு வெச்சிருந்தேன். அதுக்குத்தான் எந்திரிச்சேன்."

சாட்சி சொல்ல ஒரு பாவம்கூட இல்லையே என்று ஏங்கியவளுக்கு ஒருவழியாக ஒன்று கிடைத்துவிட்டது. ஆனால் மீன்காரியின் எடைக்கல்லுக்குத் தேம்பி அழுத கூட்டம், இவளுடைய அட்டைக்கு ஒரு சொட்டுக்கூட விடவில்லை. பின் வரிசைப் பெரியவர் இருமினார், அவ்வளவுதான்.

மீன்காரி முங்கி எழுந்தாள். கூந்தலிலிருந்து தண்ணீர் ஒழுக அவள் படியிறங்கியதும் குழந்தைகளும் பெண்களும் அவளை மொய்த்துக்கொண்டார்கள். பாட்டு கூரையைத் தொட்டது. ஓரமாகத் துண்டோடு நின்ற வாசலக்காவுக்கு வயிறு லேசாக எரிந்தது. அது எங்கும் போய்விடவில்லை, பழைய இடத்திலேயே இருந்தது.

மீன்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவளிடம் வந்தாள். துண்டை வாங்கவில்லை. சொட்டச் சொட்ட நனைந்த உடம்போடு அப்படியே கட்டிக்கொண்டாள். முன்வரிசையில் இருந்த கணவர், "அய்யோ, பட்டு!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

பட்டில் தண்ணீர் பட்டால் திட்டுத் திட்டாகக் கறை நிற்கும், எந்தக் கடையில் கொடுத்தாலும் முழுசாகப் போகாது என்று வாடிக்கையாளர்களுக்குத் தினமும் சொல்பவள் வாசலக்காதான். தோளிலும் மார்பிலும் ஈரம் இறங்குவது தெரிந்தது. அவள் விலகவில்லை. கையிலிருந்த துண்டை விரித்து மீன்காரியின் முதுகில் போர்த்தி, அவள் காதருகில் சொன்னாள்.

"சீக்கிரம் தலையைத் துவட்டு. நம்ம வாசலுக்குப் போகணும், ஆளுங்க கிளம்பிடுவாங்க."